நவம்பரில் கொஞ்சம் பேனாவை மூடி வையுங்கள்

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ஆடவர் கல்லூரிக் கூடைப்பந்துத் தரவரிசைக்கு வாரந்தோறும் வாக்களிக்கும் செய்தியாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் யாராவது தமிழ் படிப்பீர்கள் என்று நம்பி இதை எழுதவில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை விடாமல் பின்தொடரும் தமிழர்கள் சிலர் இருக்கிறோம். திங்கட்கிழமை உங்கள் பட்டியல் வந்ததும் எங்களுக்குள் மூளும் சண்டைகளுக்கெல்லாம் மூலகாரணம் நீங்கள்தான். ஆகவே மடலும் உங்கள் பெயருக்கே. கேட்கப் போவது ஒன்றுதான்: நவம்பரில் வாக்களிப்பதை நிறுத்தி வையுங்கள்.

உங்கள் தரவரிசைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நாடெங்கிலும் இருந்து ஏறத்தாழ அறுபது பேர் ஆளுக்கு 25 அணிகளை வரிசைப்படுத்துகிறீர்கள். முதலிடத்துக்கு 25 புள்ளிகள், அடுத்ததற்கு 24, கடைசி இடத்துக்கு ஒன்று. நாட்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் மார்ச் மாதப் போட்டிக்கு யார் போவது, யாருடன் யார் மோதுவது என்பதையெல்லாம் முடிவு செய்வது, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தேர்வுக்குழு. உங்களுக்கு அதில் பங்கில்லை. ஆனால் தொலைக்காட்சித் திரையில் அணியின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன எண் உங்களுடையது. வர்ணனையாளர் முதலில் சொல்வதும், மறுநாள் தலைப்புச் செய்தியில் வருவதும், பயிற்சியாளரின் வேலை ஆட்டம் காண்கிறதா என்று முன்னாள் மாணவர்கள் கணக்குப் போடுவதும் அந்த எண்ணை வைத்துத்தான்.

பருவம் தொடங்கும் முன் அக்டோபரில் நீங்கள் வெளியிடும் பட்டியலோடு எனக்குப் பெரிய வழக்கு இல்லை. அது சறுக்கிய ஆண்டுகள் உண்டு. 2022–23இல் நீங்கள் முதலிடம் கொடுத்த வட கரோலினா மார்ச் போட்டிக்கே தகுதி பெறவில்லை. போட்டி 64 அணிகளாக விரிந்த 1985க்குப் பிறகு எந்த முதலிட அணிக்கும் அப்படி நேர்ந்ததில்லை. நீங்கள் பட்டியலிலேயே சேர்க்காத கனெக்டிகட் அதே பருவத்தில் கோப்பையை வென்றது. இருந்தாலும் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அக்டோபர் கணிப்பு மோசமானதல்ல. நேட் சில்வர் தொடங்கிய ஃபைவ்தர்ட்டிஎயிட் தளம் மார்ச் மாதக் கணிப்புக்குப் பருவத்துக்கு முந்தைய தரவரிசைகளையும் ஒரு கூறாகச் சேர்த்துக்கொண்டது. ஐந்து மாதம் பழைய பட்டியலை ஒரு புள்ளியியலாளர் சும்மா எடுத்து வைத்துக்கொள்ள மாட்டார். யார் யார் திரும்பி வருகிறார்கள், புதிதாக வந்தவர்களின் தரம் என்ன, பயிற்சியாளர் எப்படிப்பட்டவர் என்று நிதானமாக யோசித்து எழுதுகிறீர்கள். அந்த நிதானம் நவம்பர் முதல் வாரத்தோடு எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

கனெக்டிகட்டையே எடுத்துக்கொள்வோம். 2023, 2024 என அடுத்தடுத்து இரண்டு கோப்பைகளை வென்ற அணி. 2024 கோப்பையை வென்ற முதல் ஐவரில் நான்கு பேர் அந்தக் கோடையில் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குப் போய்விட்டார்கள். அதன் வீரர் தேர்வில் ஸ்டீஃபன் காசல் நான்காவதாகவும் டோனவன் கிளிங்கன் ஏழாவதாகவும் தேர்வானார்கள். எஞ்சியவர் அலெக்ஸ் கராபன் ஒருவர்தான். அப்படியும் 2024–25க்கான உங்கள் முதல் பட்டியலில் மூன்றாம் இடம். சரி, பயிற்சியாளர் டான் ஹர்லி மீது நம்பிக்கை என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் பாதியில் அலபாமா பர்டூவிடம் தோற்றதும் கனெக்டிகட்டை இரண்டாம் இடத்துக்கு ஏற்றினீர்கள். அதுவரை அந்த அணி வென்றது யாரை? சேக்ரட் ஹார்ட், நியூ ஹாம்ப்ஷயர், லெ மோய்ன் வகையறாக்களை, அதுவும் சொந்த ஊரில். அந்த ஆட்டங்களிலிருந்து அணியைப் பற்றி யாரும் எதையும் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

பிறகு ஹவாய்த் தீவுகளில் மாவி இன்விடேஷனல் போட்டி. லஹைனாவில் இருப்பது 2,400 பேர் உட்காரக்கூடிய சிறு அரங்கு. 2023 காட்டுத்தீயால் அந்த ஆண்டுப் போட்டி ஹொனலுலுவுக்கு இடம்பெயர்ந்து, மறு ஆண்டுதான் மீண்டும் லஹைனாவுக்கு வந்திருந்தது. மூன்று நாளில் மூன்று ஆட்டம். முதல் நாள் மெம்ஃபிஸ் எதிரணி. கனெக்டிகட் பெரிய இடைவெளியில் பின்தங்கி, ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்து மேலேறி, சோலோ பால் கடைசி நொடிகளில் வீசிய மூன்று புள்ளிப் பந்தால் ஆட்டத்தைச் சமன் செய்து கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனது. கூடுதல் நேரத்திலும் 92–92. நாற்பது விநாடி இருக்கும்போது, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்காக எதிராளியின் முதுகுக்கு மேலே எகிறினார் என்று லியம் மெக்னீலி மீது ஃபவுல். ஹர்லி மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் வரிசைக்கு முன்னால் மல்லாந்து விழுந்தார். அந்த நடத்தைக்காக அவருக்கு டெக்னிக்கல் ஃபவுல். மெம்ஃபிஸின் பிஜே கார்ட்டர், தடுப்பார் இல்லாமல் வீசும் ஃப்ரீ த்ரோக்கள் நான்கை வரிசையாகப் போட்டார். 99–97, மெம்ஃபிஸ் வெற்றி. நடுவர் கொடுத்தது சரியா தவறா என்று எங்கள் கூட்டத்தில் இன்றும் பேச்சு நிற்கவில்லை. என் கணக்கில் ஃபவுல் சந்தேகத்துக்குரியது, டெக்னிக்கல் சந்தேகமில்லாதது.

மறுநாள் கொலராடோவிடம் 73–72. கடைசி நொடிகளில் அந்திரெய் யகிமோவ்ஸ்கி நிலைதடுமாறியபடியே வீசிய பந்து உள்ளே போனது. அந்த ஆட்டத்தின் முடிவில் தலையில் அடிபட்ட கராபன் மூன்றாம் நாள் களமிறங்கவில்லை. அவரில்லாத அணியை டேட்டன் 85–67 என்று அடித்தது. எட்டு அணிகளில் எட்டாம் இடம்.

அடுத்த திங்கட்கிழமை நீங்கள் கொடுத்த இடம் 25.

மூன்று நாளில் இருபத்து மூன்று படிகள்! இரண்டு ஆட்டங்களில் வித்தியாசம் மொத்தம் மூன்றே புள்ளிகள். மூன்றாவதில் அணியின் மூத்த ஆட்டக்காரர் இல்லை. அந்த அணி நாட்டில் இரண்டாவது என்று நீங்கள் முந்தைய வாரம் சொன்னதும் பொய், இருபத்தைந்தாவது என்று இந்த வாரம் சொன்னதும் பொய். லெ மோய்னை வென்றதற்குப் பெரிய மதிப்பு கொடுத்ததால்தான் மெம்ஃபிஸிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது பேரிடியாகத் தெரிந்தது. அதன் பிறகு டிசம்பரின் முதல் இரண்டு வாரங்களில் அதே அணி பெய்லரையும், ஆஸ்டினுக்குப் போய் டெக்சஸையும், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கொன்ஸாகாவையும் வீழ்த்தியது. நீங்கள் மறுபடி அழிரப்பரை எடுத்தீர்கள். பருவக் கடைசியில் தேர்வுக்குழுவின் வரிசையில் எட்டாம் நிலை அணியாக மார்ச் போட்டிக்குப் போய், ஓக்லஹோமாவை வென்று, ஃபுளோரிடாவிடம் 77–75 என்று தோற்று வெளியேறியது. அந்த ஃபுளோரிடாதான் சாம்பியன் ஆனது. கனெக்டிகட்டின் குறைகள் உண்மையானவையே. தடுப்பாட்டத்தில் ஓட்டை இருந்தது, என்பிஏவுக்குப் போன நால்வரில் ஒருவரான நியூட்டனுக்கு ஈடான ஆட்டக்காரர் கிடைக்கவில்லை. மாவியில் அவை வெளியே தெரிந்தன. தெரிந்த அளவுக்கு எழுத வேண்டும், இல்லையா?

அதே வாரத்தில் ஹூஸ்டனுக்கு நீங்கள் செய்தது இதைவிட வேடிக்கை. பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சனின் அந்த அணி நவம்பர் முடிவில் நான்கு வெற்றி, மூன்று தோல்வி. தோல்விகள் யாரிடம்? ஆபர்னிடம் ஐந்து புள்ளிகளில். அலபாமாவிடம் கூடுதல் நேரத்தில். சான் டியேகோ ஸ்டேட்டிடம், அதுவும் கூடுதல் நேரத்தில். மூன்றும் சொந்த அரங்குக்கு வெளியே. ஆறிலிருந்து பதினேழுக்குத் தள்ளினீர்கள். அந்த அணி பருவத்தை 35 வெற்றி, 5 தோல்வி என்று முடித்தது. நவம்பருக்குப் பிறகு இரண்டே தோல்விகள். அவற்றில் ஒன்று இறுதி ஆட்டத்தில் ஃபுளோரிடாவிடம் 65–63 என்று வந்தது. கண்ணுக்கு நேராக நாட்டின் முதல் மூன்று, நான்கு அணிகளில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நீங்கள் தோல்விப் பத்தியில் இருந்த எண்ணை மட்டும் பார்த்தீர்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது வெந்த பானைக்குத்தான். நவம்பரில் உலையே கொதித்திருக்காது. இப்போதெல்லாம் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஆட்டக்காரர்கள் ஓராண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லாமல் கல்லூரி மாற 2021இல் வழி திறந்தது. 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாயிற்று. விளைவு, ஏப்ரலில் கலைந்து ஜூனில் கூடும் அணிகள். ஐந்து பேரில் நான்கு பேருக்கு ஒருவர் ஆட்டம் மற்றவருக்குப் பழகியிருக்காது. தடுப்பாட்டத்தில் யார் யாருக்கு உதவிக்குப் போவது, எதிரணி ஆள் குறுக்கே நின்று வழிமறித்தால் யார் ஆள் மாற்றிக்கொள்வது என்பதெல்லாம் டிசம்பர் பிறந்த பிறகுதான் வாய்ப்பேச்சில்லாமல் நடக்கத் தொடங்கும். இதற்கு மேல் மூன்று புள்ளி வீச்சின் குருட்டு அதிர்ஷ்டம் வேறு. இரண்டு, மூன்று ஆட்டங்களில் எந்த அணியும் நன்றாகவும் வீசலாம், மோசமாகவும் வீசலாம். அதை வைத்து அணியை எடை போட முடியாது.

எவான்ஸ்வில் நினைவிருக்கிறதா? 2019 நவம்பர் 12. நீங்கள் முதலிடத்தில் வைத்திருந்த கென்டக்கி, தன் சொந்த அரங்கான ரப் அரீனாவில் வந்து ஆடிவிட்டுப் போக அந்தச் சின்ன அணிக்கு 90,000 டாலர் கொடுத்திருந்தது. பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் 67–64 என்று வென்றும் விட்டார்கள். பயிற்சியாளர் வால்டர் மெக்கார்ட்டி 1996இல் கென்டக்கிக்காகவே கோப்பை வென்றவர் என்பதால் கதை இன்னும் சுவையானது. கென்டக்கியை ஒன்பதுக்கு இறக்கினீர்கள். எவான்ஸ்வில்லோ அந்தப் பருவத்தில் தன் லீக்கில் ஆடிய 18 ஆட்டங்களிலும் தோற்றது. பதினெட்டும்! நவம்பர் 12 எவான்ஸ்வில்லைப் பற்றி எதையும் சொல்லவில்லை. கென்டக்கியைப் பற்றியும் பெரிதாக எதையும் சொல்லவில்லை. அன்றைய இரவு அற்புதமான இரவு, அவ்வளவுதான். 1982 டிசம்பரில் ஆயிரம் மாணவர்கள்கூட இல்லாத ஷாமினாட் கல்லூரி, ஏழடி நாலங்குல ரால்ஃப் சாம்ப்சன் ஆடிய முதலிட வர்ஜீனியாவை ஹொனலுலுவில் 77–72 என்று சாய்த்ததும் இப்படித்தான். அந்த வெற்றியின் புகழில் பிறந்ததுதான் மேலே சொன்ன மாவி போட்டி. இப்படிப்பட்ட இரவுகள் வேண்டும், நிறைய வேண்டும். அவற்றைத் திங்கட்கிழமைக் கணக்கில் கொண்டுபோய் வைக்காதீர்கள் என்கிறேன்.

ஒரு எண்தானே, ஏன் இவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் ஆட்ட அட்டவணை போடுகிறார்கள். பலவீனமான அணிகளைப் பணம் கொடுத்து வரவழைத்து, சொந்த அரங்கில் ஆறு ஆட்டம் வென்றால் உங்கள் பட்டியலில் படிப்படியாக ஏறலாம். நல்ல அணிகளைத் தேடி வெளியூர் போய் இரண்டு தோற்றால் காணாமல் போகலாம். வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பரிசு, வெளியே போனவனுக்குத் தண்டனை. மிச்சிகன் ஸ்டேட்டின் பயிற்சியாளர் டாம் இஸ்ஸோ போன்றவர்கள் இதைப் பொருட்படுத்தாமல் ஆண்டுதோறும் நவம்பரிலேயே வலுவான அணிகளோடு மோதுகிறார்கள். 2024–25இல் உங்கள் முதல் பட்டியலில் அவருக்கு இடமே இல்லை. கான்ஸஸிடம் தோற்றார், மாவியில் மெம்ஃபிஸிடம் தோற்றார். பருவ முடிவில் தன் லீக்கான பிக் டென்னின் பட்டம், 30 வெற்றிகள், மார்ச்சில் கடைசி எட்டு அணிகளில் ஒன்று. இஸ்ஸோவின் நாற்காலி அசையாது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒரு பயிற்சியாளருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வரும்?

என்சிஏஏவின் நெட் என்ற கணினித் தரவரிசையைப் பாருங்கள். சலிக்காத, தூங்காத இயந்திரம். அதற்கே முதல் பட்டியலை வெளியிட டிசம்பர் முதல் வாரம் ஆகிறது. போதிய ஆட்டங்கள் நடந்தாக வேண்டும் என்பதால்தான். அதை வைத்து வேலை செய்யும் தேர்வுக்குழு, எங்கே ஆடிய ஆட்டம் என்பதையும் பிரித்துப் பார்க்கிறது. முப்பதாம் இட அணியைச் சொந்த அரங்கில் வெல்வதும், ஐம்பதாம் இட அணியைப் பொது அரங்கில் வெல்வதும், எழுபத்தைந்தாம் இட அணியை அதன் ஊரில் போய் வெல்வதும் அவர்களுக்கு ஒரே வகுப்பு. கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் பட்டத்துக்கான பிளேஆஃப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவும் ஆகஸ்ட் இறுதியில் பருவம் தொடங்கி நவம்பர் வரை வாய் திறப்பதில்லை. குறை சொல்ல அந்தக் குழுவிடம் நிறைய உண்டு. இந்த ஒன்றில் அது உங்களைவிட மேல்.

எனவே கேட்பது இதுதான். அக்டோபரில் வழக்கம்போல் பட்டியல் வெளியிடுங்கள். அதன் பிறகு டிசம்பர் இரண்டாவது திங்கட்கிழமை வரை வாக்கெடுப்பு வேண்டாம். அதுவரை திரையில் அக்டோபர் எண்ணே நிற்கட்டும். அது கணிப்பு என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் ஏமாற மாட்டார்கள். நான்கைந்து திங்கட்கிழமைகளின் வாசகர்கள் கைவிட்டுப் போவார்களே என்று அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் யோசிக்கும். அந்த நாட்களில் எட்டுப் பத்து அணிகளைப் பற்றி நின்று நிதானமாக எழுதுங்கள். யார் தடுப்பாட்டம் ஆடுகிறார்கள், எந்தப் புது வரவு தேறியிருக்கிறார், எந்தப் பயிற்சியாளர் யாரைத் தவறான இடத்தில் ஆட வைக்கிறார் என்று. நாங்கள் படிப்போம்.

நிறுவனம் சம்மதிக்காவிட்டால், தனித்தனியாக உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். நவம்பரில் ஓர் அணியைப் பத்துப் படிகளுக்கு மேல் இறக்கும் முன், அது எந்த ஊரில், யாரிடம், எத்தனை புள்ளிகளில், யார் இல்லாமல் தோற்றது என்று நான்கு விவரங்களைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஏற்றும்போதும் அதையே செய்யுங்கள். லெ மோய்னை வென்றதற்காக ஒரு படி ஏற்றப் போகிறோம் என்று வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

இப்படிக்கு,
திங்கட்கிழமைதோறும் உங்களோடு சண்டையிடும் ஒரு பார்வையாளர்