கதவைச் சாத்துங்கள், மேடம்

அன்புள்ள மேடம்,

போன வாரம் போனில் பேசியபோது, "எழுத ஆரம்பிச்ச புத்தகம் அப்படியே கிடக்குது, பிள்ளைகள் வந்துகிட்டே இருக்காங்க, அப்புறம் வான்னு சொல்ல மனசு வரல" என்றீர்கள். அன்று "ஆமாம் மேடம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் நானே கௌரவ விரிவுரையாளராக இருப்பதால், யோசித்துவிட்டுத் தைரியமாகவே எழுதுகிறேன். கதவைச் சாத்துங்கள். எந்தக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம்.

"மேடம் ரூம் எப்பவும் திறந்திருக்கும்" என்பது நம் துறையின் பெருமை. நானும் ஜூனியர்களிடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் எப்போதும் திறந்திருக்கும் கதவு, பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. ஹாஸ்டலில் இருப்பவர்களும் ஊட்டி டவுன் பிள்ளைகளும் எப்போது வேண்டுமானாலும் வரலாம், உட்காரலாம். கூடலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவளுக்கு அப்படி இல்லை, வகுப்பு முடிந்தால் அவளுக்கு மிஞ்சுவது அரை மணி நேரம்தான்.

எம்.ஏ. இரண்டாம் வருடம், ஜூலை மழை. அப்பாவுக்கு வந்த நில நோட்டீஸை ஜெராக்ஸ் எடுத்து, நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு உங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி என் செருப்புக்கடியில் குளம் கட்டிவிட்டது. உள்ளே இரண்டு அண்ணன்கள் குரூப் 1 தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவும் தேவையான பேச்சுதான், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்றரைக்கு எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். நடுவட்டத்தில் பனிமூட்டத்தில் பஸ் ஊர்ந்தபோது கவர் மடியிலேயே இருந்தது. நான் வந்துபோனது இன்றுவரை உங்களுக்குத் தெரியாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைப்படி வாரத்துக்கு 40 மணி நேர வேலையில் இணைப் பேராசிரியர் நேரடியாகக் கற்பிக்க வேண்டியது 14 மணி நேரம். மீதி 26 எங்கே போகிறது? நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) ஃபைல், விடைத்தாள் திருத்துவது, அட்மிஷன், பிஎச்.டி. மாணவர்கள் (ஒரே நேரத்தில் 6 பேர் வரை உங்களிடம் இருக்கலாம்), அப்புறம் இரவு பதினோரு மணிக்கு வரும் வாட்ஸ்அப். ஒரு வாரம் குறித்துப் பாருங்கள், எழுதுவதற்கென்று ஒரு மணி நேரம்கூடத் தொடர்ச்சியாகக் கிடைத்திருக்காது. மே விடுமுறையில் மலர்க் கண்காட்சிக் கூட்டத்துக்கு நடுவே கீழே இறங்கி, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து எடுத்த குறிப்புகள் ஜூன் வந்ததும் பீரோவுக்குள் போய்விடுகின்றன.

அந்தக் குறிப்புகள் எங்களுக்கு வேண்டும், மேடம். 1969-இல் கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டம் வந்தது (ஜென்மம் என்றால் ஜமீன் மாதிரி பரம்பரை நில உரிமை), அதில் தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய செக்சன் 17 என்ற சிக்கல் எங்கள் ஊரில் இத்தனை வருடமாக அவிழவே இல்லை. வீடு இருக்கிறது, தேயிலை இருக்கிறது, பட்டா இல்லை, எத்தனையோ வீடுகளுக்குக் கரண்டும் இல்லை. சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த என் தாத்தா கடைசிவரை "நான் எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது, இடையில் யார் யார் கைக்குப் போனது என்பதை எங்கள் ஆட்கள் படித்துப் புரிந்துகொள்கிற தமிழில் எழுத எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். குரூப் 1 பற்றி எந்த சாரும் சொல்லித்தருவார். இதை யார் எழுதுவார்?

அதனால் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் காலையில் கதவு சாத்தியே இருக்கட்டும். டைம்டேபிள் போடும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். மற்ற நாட்களில் மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மாணவர்களுக்கு. கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள், ஆளுக்குக் கால் மணி நேரம், வருகிறவர்களே பெயர் எழுதட்டும். கூடலூர், மஞ்சூர், கோத்தகிரி பஸ் பிள்ளைகளுக்கு முதல் இடம். ஹாஸ்டல்காரர்கள் நாலு மணிக்கு மேல் வரலாம். நேரத்தைத் தயவுசெய்து வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள், எங்கள் பக்கம் பாதி நாள் சிக்னல் இருக்காது.

முதல் மாதம் "மேடம் மாறிட்டாங்க" என்பார்கள். எனக்கும் அந்தப் பேச்சைக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் போனால் பார்க்க முடியுமா முடியாதா என்று தெரியாமல் மழையில் உட்கார்ந்திருப்பதைவிட, "புதன்கிழமை 1.15, உன் நேரம்" என்று தெரிந்து வருவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். அப்பாவின் நோட்டீஸ் இன்னும் அதே கவரில்தான் இருக்கிறது, எடுத்து வருகிறேன். கதவில் தாள் இருந்தால் என் பெயரை எழுதிவிட்டு வெளியே காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி