கேம் ஆற்றில் எங்களுக்குத் துடுப்புப் பிடிக்கக் கற்றுத்தந்தவர்களுக்கு

அன்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கும், சுக்கானைப் பிடித்துப் படகை நடத்தும் காக்ஸ்களுக்கும், படகுகளைப் பராமரிக்கும் போட்மேன்களுக்கும், ஒரே படகில் எங்களோடு உட்கார்ந்தவர்களுக்கும்,

வணக்கம்.

கேம்பிரிட்ஜுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் எட்டுப் பேர் வலிக்கும் பந்தயப் படகைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அடையாற்றங்கரையில் 1867 முதல் மெட்ராஸ் போட் கிளப் இருக்கிறது. கொழும்பு ரோயிங் கிளப் அதற்கும் மூன்று ஆண்டு மூத்தது. ஆனாலும் அந்த வாசல்களுக்குள் போய்வந்தவர்கள் நம்மில் மிகச் சிலர்தான். நீங்களோ அக்டோபர் முதல் வாரத்திலேயே, முன்னனுபவம் எதுவும் கேட்காமல் எங்களைக் கூப்பிட்டீர்கள். அந்த ஒரு அழைப்புக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பது, புதியவர்களைக் கரையிலிருந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்கள் கைக்கு வந்தபின் நன்றாகவே விளங்குகிறது. ஆளின் பெயரைச் சொல்லாமல் அவரவர் செய்த வேலையைச் சொல்லி நன்றி கூறுகிறோம். அடுத்த அக்டோபரில் வரும் தம்பி தங்கைகளுக்கும் உதவட்டும் என்று விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில், புதியவர்களின் படகுகளுக்குப் பொறுப்பான லோயர் போட்ஸ் கேப்டன்களுக்கு. அக்டோபரில் தொடங்கும் மிக்கேல்மஸ் பருவத்தில் கிடைப்பது எட்டே வாரம். அதற்குள் துடுப்பையே பார்த்திராதவர்களைப் பந்தயத்துக்கு அனுப்ப வேண்டும். எட்டுப் பேரில் ஒருவர் தூங்கிவிட்டால் மற்ற ஏழு பேரும் காக்ஸும் பயிற்சியாளரும் குளிரில் நிற்க வேண்டியதுதான். வர முடியாதவர் முந்தைய இரவே சொல்லிவிட வேண்டும் என்ற விதியைக் கண்டிப்போடு வைத்ததும், மாற்றாளைத் தேடி இரவு வெகுநேரம் செய்தி அனுப்பிக்கொண்டிருந்ததும் நீங்கள். நீச்சல் சோதனையிலும் அதே கண்டிப்பு: லேசான உடையோடு 50 மீட்டர் நீந்த வேண்டும், 2 நிமிடம் கால் ஊன்றாமல் மிதக்க வேண்டும், நீருக்கடியில் 5 மீட்டர் போக வேண்டும். நீந்தத் தெரியாதவரை வேண்டாம் என்று அனுப்பிவிடவில்லை. எர்க்கில், அதாவது கரையிலேயே துடுப்பு வலிக்கப் பழகும் இயந்திரத்தில், பயிற்சியைத் தொடரவிட்டு, நீச்சல் வகுப்புக்கு வழிகாட்டி, தேறியபின் படகில் ஏற்றினீர்கள். கிணறும் குளமும் இல்லாத நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பொறுமை எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எர்க் அறையில் நின்று திருத்தியவர்களுக்கு அடுத்த நன்றி. புதிதாக வருபவர் செய்யும் முதல் வேலை, இயந்திரத்தின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை இருக்கும் நெம்பை 10-க்குத் தள்ளுவது. அது பலத்தின் அளவு அல்ல, சக்கரக் கூண்டுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதன் அளவு. மானிட்டரில் 'மோர் ஆப்ஷன்ஸ்' போய் 'டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர்' அழுத்தி, அதில் தெரியும் இழுவை எண்ணை ஏறத்தாழ 110-க்கும் 130-க்கும் இடையில் வைக்கச் சொன்னீர்கள். 10-இல் வலித்தால் முதுகுதான் முதலில் போகும்.

வரிசையையும் அங்கேதான் பிடித்துக்கொண்டோம். வலிக்கும்போது முதலில் கால், பிறகு உடல் சாய்வு, கடைசியில் கை. திரும்பி முன்னால் போகும்போது கை, உடல், கால். கை முழங்காலைத் தாண்டுமுன் முழங்கால் உயர்ந்துவிட்டால் கைப்பிடியை அதன்மேல் தூக்கிக் கடத்த வேண்டிவரும். எர்க்கில் அதனால் பெரிய கேடில்லை. படகில் கைப்பிடி மேலே போனால் மறுமுனையிலுள்ள பிளேடு கீழே போய்த் தண்ணீரில் இடிக்கும், படகு ஆடும். இன்னொரு பிழை, காலால் உதைத்ததும் இருக்கை மட்டும் பின்னால் ஓடிவிட்டுக் கைப்பிடி நின்ற இடத்திலேயே நிற்பது. உதையின் பலமெல்லாம் இடுப்பில் இறங்கி நோவாகிவிடும். நிமிடத்துக்கு 18 முதல் 20 வலிப்பு என்று வேகத்தைக் குறைத்துவைத்தே இதையெல்லாம் திருத்தினீர்கள். வேகத்தில் பிழை ஒளிந்துகொள்ளும் என்பதால், மெதுவாகச் செய்யவைத்த அந்த முடிவு மிகச் சரியானது.

போட்மேனுக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது! பல படகுகள் எங்களைவிட உயரமானவர்களுக்கு ஏற்றபடி ரிக் செய்யப்பட்டிருக்கும், அதாவது துடுப்பைத் தாங்கும் பாகங்கள் பொருத்தப்பட்டிருக்கும். குட்டையானவர் உட்கார்ந்தால் கைப்பிடி மார்புக்கு மேலே வந்து நிற்கும். துடுப்பைச் சரியாக வலிக்கவே முடியாது. அதைத் திறமைக்குறைவு என்று நினைத்து மனம் விட்டுப்போகிறவர்கள் உண்டு. நீங்கள், துடுப்பைப் பிடித்துவைக்கும் கவ்வியான கேட்டின் அடியில் மாட்டியிருந்த வாஷர்களைக் கழற்றி மேலே மாட்டினீர்கள். கேட் இறங்கியது, கைப்பிடியும் சரியான உயரத்துக்கு வந்தது. அதுவும் போதாதவருக்கு இருக்கையில் நுரை அட்டை வைத்தீர்கள். கால் மிதியை முன்பின் நகர்த்தி, வலித்து முடிக்கும்போது கைப்பிடியின் நுனி விலாவை ஒட்டி வர இடமும், முன்னால் வரும்போது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை செங்குத்தாக நிற்க வசதியும் செய்துகொடுத்தீர்கள். புதியவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறோம்: படகு பொருந்தவில்லை என்று தோன்றினால் கரையிலிருக்கும்போதே வாய் திறந்து சொல்லுங்கள். இரண்டு ஸ்பேனர்களும் ஐந்து நிமிடமும் போதும்.

இறங்குமுன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவற்றையும் நீங்கள்தான் பழக்கினீர்கள். முனையில் வெள்ளை ரப்பர் பந்து உறுதியாக இருக்கிறதா? படகிலுள்ள காலணியின் குதிகாலில் கயிறு கட்டியிருக்கிறதா, அந்தக் குதிகால் 7 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பாமல் இருக்கிறதா? அந்தக் கயிறு குதிகாலைப் பிடித்துவைத்தால்தான் படகு கவிழும்போது கையால் அவிழ்க்காமலே பாதம் காலணியிலிருந்து உருவி வரும். கேட்டின் திருகு இறுகியிருக்கிறதா? அது ஆற்று நடுவில் திறந்துகொண்டால் துடுப்பு கையோடு வந்துவிடும், படகு ஒருபக்கம் சாயும். படகின் ஓடு மெல்லியது. மிதிப்பதற்கென்று இருக்கும் பலகையைத் தவிர வேறெங்கும் கால் வைத்தால் ஓட்டை விழும். எட்டுப் பேர் படகின் குறைந்தபட்ச எடை 96 கிலோ, ஆளுக்கு 12 கிலோ. தூக்குவது கடினமில்லை, பக்கவாட்டில் நீண்டு துடுப்பைத் தாங்கும் ரிக்கர் பக்கத்துப் படகில் இடிக்காமலும், படகின் அடியிலுள்ள சிறிய ஃபின் தகடு மேடையின் விளிம்பில் முறியாமலும் இறக்குவதுதான் கடினம். அந்தத் தகட்டை எத்தனை முறை மாற்றிக்கொடுத்தாலும் முகம் சுளித்ததில்லை நீங்கள்.

சைக்கிளில் ஆற்றோரம் கூடவே வந்த பயிற்சியாளர்களுக்கு எங்கள் கடன் மிகப் பெரியது. புதியவர்கள் எட்டுப் பேரையும் ஒன்றாக வலிக்கவிடாமல், ஆறு பேரை வலிக்கவிட்டு இரண்டு பேரைப் பிளேடைத் தண்ணீரில் படுக்கவைத்துப் படகை நேராகப் பிடிக்கச் சொன்னீர்கள். படகு ஆடாதபோதுதான் கை எதையாவது கற்றுக்கொள்ளும். வெறும் கையால், பிறகு கையும் உடலுமாக, பிறகு இருக்கையைக் கால்வாசி சறுக்கி, அரைவாசி சறுக்கி, முழுதாகச் சறுக்கி என்று ஒவ்வொரு நாளும் அதே வரிசையில் தொடங்கவைத்தீர்கள்.

படகு சாய்வதைப் பற்றி நீங்கள் சொன்னது எல்லோரும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியது. தன் பக்கம் தாழ்ந்தால் புதியவருக்குக் கையைக் கீழே அழுத்தத்தான் தோன்றும். செய்ய வேண்டியது அதற்கு நேரெதிர்: தாழ்ந்த பக்கத்தினர் கையை உயர்த்த வேண்டும், எதிர்ப்பக்கத்தினர் இறக்க வேண்டும். கை உயர்ந்தால் பிளேடு தண்ணீரில் ஊன்றி ரிக்கரை மேலே தூக்கும். எட்டுக் கைகளும் ஒரே உயரத்தில் போனால் சாய்வே இருக்காது. பலசாலிகள் நிறைந்த படகு தள்ளாடிக்கொண்டிருக்க, ஒல்லியானவர்களின் படகு அதைக் கடந்து போவதற்குக் காரணம் இதுதான். தன் பிளேடைத் திரும்பிப் பார்க்கிறவரின் தலைச்சாய்வே படகைச் சாய்க்கும் என்பதால், முன்னால் இருப்பவரின் தோளை மட்டும் பார்க்கச் சொன்னீர்கள்.

பிறகு கிராப், அதாவது பிளேடு தண்ணீரில் சிக்கிக்கொள்வது. வலித்து முடிக்கும்போது பிளேடு தண்ணீருக்குள் இருக்கையிலேயே திருப்பிவிட்டாலோ, இறக்கும்போது முழுதாக நிமிர்த்தாமல் சாய்வாக இறக்கினாலோ, தண்ணீர் அதைக் கீழே இழுத்துக்கொள்ளும். ஓடும் படகின் வேகம் கைப்பிடியை மார்பில் கொண்டுவந்து அடிக்கும். அந்த நேரத்தில் மல்லுக்கட்டக் கூடாது. பின்னால் சாய்ந்து படுத்துக் கைப்பிடியைத் தலைக்கு மேலே போகவிட வேண்டும். காக்ஸ் 'ஈஸி தேர்' சொல்லி நிறுத்தியபின் மீட்டுக்கொள்ளலாம். வராமல் தடுக்க வழி: கைப்பிடியின் நுனியிலிருக்கும் வெளிக்கையால் கீழே அழுத்திப் பிளேடை நிமிர்ந்தபடியே வெளியே எடுத்தபின், உட்கையின் மணிக்கட்டால் திருப்புவது, திரும்பிப் போகும்போது கை முழங்காலைத் தாண்டியதும் மறுபடி நிமிர்த்தத் தொடங்குவது. இரண்டு கைக்கும் இடையில் இரண்டு கை அகல இடைவெளி வேண்டும். வெளிக்கை கொக்கிபோல் பிடித்தால் போதும். இறுக்கிப் பிடிக்கும்போதுதான் கொப்புளம் வருகிறது. கையுறை போட்டால் துடுப்பின் அசைவு கையில் தெரியாது. ஜிங்க் ஆக்சைடு டேப் சுற்றினால் போதும். மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும்.

உடை பற்றிக் கூச்சத்தோடு கேட்டவர்களுக்குத் தனியாக, அன்பாகப் பதில் சொன்ன பெண்கள் அணித் தலைவிகளுக்கும் நன்றி. இறுக்கமான உடை கட்டாயம் என்பதற்குக் காரணம் இருக்கிறது: தளர்ந்த சட்டையின் ஓரம் இருக்கைச் சக்கரத்தில் சிக்கும், முன்பக்கப் பையில் கைப்பிடி மாட்டினால் நேராகக் கிராப்தான். நீண்ட லெக்கிங்ஸும் முழுக்கை உள்ளாடையும் போட்டு மூடிக்கொள்ளலாம் என்று சொல்லி எத்தனையோ பேரைத் தங்கவைத்தீர்கள்.

காக்ஸ்களுக்கு: வலிப்பவர்களுக்கு உடம்பு சூடேறிவிடும், நீங்கள் மட்டும் அசையாமல் பனியில் உட்கார்ந்திருப்பீர்கள். சுக்கானை அதிகம் திருப்பினால் படகின் வேகம் குறையும் என்பதால், வளைவு வருமுன்பே சிறிதாகத் திருப்பத் தொடங்கிவிடுவீர்கள். கிராஸி, டிட்டன் வளைவுகளில் படகு கரையேறாமல் போனது முழுக்க உங்கள் கண்ணால்தான். எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் காக்ஸ் ஆக முடியாது என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரிய போட்டிகளில் அது குறைந்தபட்ச எடை, அதிகபட்சம் அல்ல.

கரையில் எறிகயிறும் வெப்பப் போர்வையும் சுமந்து வந்தவர்கள் அவற்றைப் பிரிக்கவே தேவையில்லாமல் போவதுதான் நல்ல பருவம். விழுந்தால் படகை விட்டு நீந்திப் போகாதே, படகு மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டு முடிந்தவரை உடலை அதன்மேல் ஏற்று என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். குளிர்ந்த நீர் முதல் நிமிடத்தில் மூச்சைப் பறிக்கும்; நல்ல நீச்சல்காரருக்கும் அதே கதி. ஆற்று நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம் என்பதால் காயத்தை மூடவும், சாப்பிடுமுன் கை கழுவவும் சொன்னீர்கள். ஆற்றில் இறங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், துடுப்பு வலிக்கிறேன் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பருவ இறுதியில் ஃபேர்பெர்ன் கோப்பை. அந்தப் பெயருக்குரிய ஸ்டீவ் ஃபேர்பெர்ன் ஆஸ்திரேலியாவிலிருந்து 1881-இல் ஜீசஸ் கல்லூரிக்குப் படிக்க வந்தவர், பின்னாளில் அங்கேயே பயிற்சியாளரானவர், 1926-இல் தேம்ஸ் நதியில் ஹெட் ஆஃப் தி ரிவர் பந்தயத்தைத் தொடங்கியவர். கடல் கடந்து வந்த மாணவர் ஒருவரின் பெயரில்தான் புதியவர்கள் முதல் பருவத்தின் இறுதிப் பந்தயத்தை ஓடுகிறார்கள் என்பது எங்களுக்குப் பெருமை. அடுத்து, முன்னால் போகும் படகைத் துரத்தி முட்டும் பந்தயமான லென்ட் பம்ப்ஸ். ஒன்றரைப் படகு இடைவெளியில் படகுகள் வரிசையாக நிற்கும்; கிளம்ப நான்கு நிமிடம் இருக்கும்போது ஒரு குண்டு, ஒரு நிமிடம் இருக்கும்போது ஒரு குண்டு, பிறகு கிளம்பும் குண்டு. காக்ஸ் சங்கிலியைப் பிடித்திருக்க, நீண்ட கழியால் படகைக் கரையிலிருந்து தள்ளி, நேராக நிறுத்தி, நொடி எண்ணிச் சொன்னவர்கள் நீங்கள். தள்ளுவது கொஞ்சம் முந்தினால் படகு ஆற்று நடுவுக்கு மிதந்து போகும், பிந்தினால் கரைப் பக்கத்துப் பிளேடுகள் மண்ணில் இடிக்கும். அந்தக் கணக்கு எங்களுக்கு இன்னும் உங்கள் அளவுக்குக் கைவரவில்லை, வந்து சொல்லித்தாருங்கள்.

பயிற்சி முடிந்து ஈரத்தோடு வந்தவர்களுக்குக் காலை உணவை எடுத்துவைத்திருந்த கல்லூரிச் சமையலறையினருக்கும், சைவம் எது என்று கேட்காமலே தனியாக வைத்தவர்களுக்கும் நன்றி.

ஆற்றிலேயே குடியிருக்கும் படகுவீட்டுக்காரர்களுக்கும் தூண்டில் போடுபவர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். விடிகாலையில் உங்கள் சன்னலோரம் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போகிறோம். தூண்டில் கழியைத் தூக்கி எங்களுக்கு வழிவிடுகிறீர்கள். புதிய காக்ஸ்கள் படகுவீடுகளைக் கடக்கும்போது காக்ஸ் பாக்ஸின் ஒலியைக் குறைப்பதும், தூண்டில்காரர் தெரிந்ததும் தொலைவிலேயே குரல் கொடுத்து, கடக்கும்போது நன்றி சொல்வதும் இந்த ஆண்டு முதல் எங்கள் முதல் வகுப்பிலேயே கற்றுத்தரப்படுகிறது. தவறுகிற படகைப் பார்த்தால் துடுப்பிலுள்ள வண்ணத்தைக் குறித்துவைத்து அந்தக் கல்லூரிப் படகுக் கழகத்துக்குச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
கேம் ஆற்றில் துடுப்பு வலிக்கும் தமிழ் மாணவர்கள்