கார்ட்லெஸ் செட் வாங்கி வரப்போகும் மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ளே,

நலம். போன வாரம் தங்கச்சிமடத்தில் உன் அம்மாவைப் பார்த்தேன், மூட்டுவலி குறைந்திருக்கிறது என்றார்கள். இங்கே தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்பதால் மண்டபம் கரை முழுக்க மராமத்துதான், பட்டறையில் எனக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை.

தம்பிக்குக் கார்ட்லெஸ், அதாவது ஒயரில்லாமல் பேட்டரியில் ஓடுகிற டிரில்லும், டிஸ்க் சுற்றித் தேய்க்கிற கிரைண்டரும் வாங்கி வருவதாக எழுதியிருந்தாய். தாராளமாக வாங்கு. படகைக் கரையேற்றி வைத்திருக்கிற இடத்தில் கரண்டு கிடையாது, ஈர மணலில் நீளமாக ஒயரை இழுத்துப்போட்டு வேலை பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். பேட்டரி விஷயத்தில் மட்டும் நான் சொல்வதைக் கேள்.

முதலில் விமானம். மெஷினை லக்கேஜில் போடு, பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வை, அதன் முனைகளுக்கு மூடியோ டேப்போ கட்டாயம். பொதுவாக 100 வாட் ஹவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் வருவதுதான் வாட் ஹவர், பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்கிற அளவு. 18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி 90தான் வரும். 6 ஆம்பியர் ஹவர் என்றால் 108, அதற்கு முன்கூட்டியே விமானக் கம்பெனியிடம் கேட்கவேண்டும். அப்புறம், 20 வோல்ட் மேக்ஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுத்துவிடாதே. செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட் கணக்கில் ஐந்து செல் சேர்ந்தால் 18, முழுச் சார்ஜில் அதே பேட்டரி 20க்கு மேல் காட்டும், அவ்வளவுதான். பாதி விலைக்குக் கிடைக்கிற டூப்ளிகேட் பேட்டரி வேண்டவே வேண்டாம். அதில் செல்களைக் காக்கிற சர்க்யூட் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது.

இங்கே வந்தபிறகு அதற்கு எதிரி உப்பும் வெயிலும். ராத்திரி படகிலேயே விட்டுவிட்டுப் போன பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் முனைத் தகட்டில் பச்சையாகப் பூத்திருக்கும், விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். அந்த இடத்தில் தொடுப்பு சரியாக இல்லாமல் சூடேறும். அதனால் சாயங்காலம் காய்ந்த துணியால் துடைத்து, மூடி போட்ட டப்பாவில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கடலில் விழுந்த பேட்டரியைக் காயவைத்துப் போட்டுப் பார்க்கவே கூடாது மாப்ளே, உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். அதை வீட்டையும் படகையும் விட்டுத் தள்ளி வெட்டவெளியில்தான் வைக்கவேண்டும். வீங்கிப்போன பேட்டரிக்கும் அதேதான்.

நம்ம பட்டறைப் பையன் ஒருவன் ஆணி, ஸ்க்ரூ கிடந்த சாக்குப் பையிலேயே பேட்டரியையும் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். ஆணி இரண்டு முனையையும் தொட்டுவிட்டது. சாக்கு கருகிய வாடை வந்ததும் பக்கத்தில் நின்றவர் பையைப் பிடுங்கி எறிந்தார், இல்லையென்றால் பையன் முதுகு வெந்திருக்கும். தீ பிடித்தால் மணலை அள்ளிப்போடுவது நம் பழக்கம், ஆனால் இந்தத் தீயில் உள்ளே இருக்கிற சூடு அடங்கவேண்டும், அதற்கு நிறையத் தண்ணீர் ஊற்றவேண்டும். புகையை மூச்சில் இழுக்காமல் காற்று வருகிற பக்கம் நின்று ஊற்றவேண்டும்.

சார்ஜ் போடுவதும் அப்படித்தான். கிரைண்டரில் ஓடிக் கொதிக்கிற பேட்டரியை அப்படியே சார்ஜரில் செருகாமல் நிழலில் ஆறவிட வேண்டும். டீசலும் பைபர் ஒட்டுகிற ரெசினும் இருக்கிற படகு அறைக்குள் சார்ஜ் போடக்கூடாது, சிமெண்டுத் தரையில், ஆள் விழித்திருக்கும்போது போடவேண்டும். மாதக்கணக்கில் சும்மா வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வைப்பது நல்லது.

கிரைண்டரைப் பற்றித் தம்பியிடம் நீயே சொல்லிவிடு, நீ சொன்னால்தான் கேட்பான். டிஸ்க் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்குவது கைக்குப் பழகிய வேலை. இதில் பிளக்கே இல்லாததால் கை சும்மா இருந்துவிடும், விரல் சுவிட்சில் பட்டால் போச்சு. பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் டிஸ்க்கைத் தொடவேண்டும். டிஸ்க்கை மறைத்திருக்கிற பாதுகாப்பு மூடியைக் கழற்றக்கூடாது, மரம் அறுக்கிற பல்லு பிளேடை அதில் மாட்டவே கூடாது. பைபர் படகைத் தேய்க்கும்போது அதிலுள்ள கண்ணாடி இழை தூளாகப் பறக்கும், கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது, அதனால் கண்ணுக்குப் போடுகிற நல்ல கண்ணாடியும் மாஸ்க்கும் சேர்த்து வாங்கி வா. இங்கே கிடைக்கிற கண்ணாடியெல்லாம் சீக்கிரம் கீறிப்போகிறது.

மதுரையில் இறங்கினால் ராமேஸ்வரம் ரயிலைப் பிடி, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தை நீ இன்னும் பார்க்கவில்லையே. டிக்கெட் போட்டதும் வாட்ஸ்அப்பில் சொல், ஸ்டேஷனுக்கு வண்டியோடு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி