ஒன்பது பேரை மேடையில் ஏற்றாதே

கிளாஸ்கோ
2025 செப்டம்பர்

அன்புள்ள மங்கை,

உன் கடிதமும், கூடவே வைத்திருந்த அழைப்பிதழ் மாதிரியும் கிடைத்தன. வாசகர் வட்டத்துக்கு வெள்ளி விழா, அதுவும் உன் பொறுப்பில் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அழைப்பிதழைப் புரட்டினேன். தலைமையுரை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை நான்கு, நடுவில் ‘கலந்துரையாடல்’ என்ற பெயரில் ஒன்பது பேர். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் வீட்டுச் சேதி. பெரியவனுக்கு அபெர்டீனில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இவருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, இப்போது கைத்தடி இல்லாமல் கடைவரை போய் வருகிறார். அம்மாவுக்குக் கண்புரை எடுத்ததாக எழுதியிருந்தாயே, சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள்கிறார்களா? அவர்களை நம்பாதே, நீயே விட்டுவிடு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். “போன வருஷம் ஏதோ கதைப் பைத்தியங்கள் மாநாட்டில் ஓடியாடி வேலை செய்தேன் என்றாயே, அங்கே இந்த மாதிரிக் கூட்டங்களை எப்படி நடத்துகிறார்கள்?” என்று கேட்டிருந்தாய். பைத்தியங்கள் என்றது சரியான பெயர்தான். நானும் அதில் ஒருத்தி.

அது வேர்ல்ட்கான் என்கிற உலக அறிவியல் புனைகதை மாநாடு. 1939-இல் நியூயார்க்கில் ஏறக்குறைய 200 பேர் கூடித் தொடங்கியது. அந்த முதல் கூட்டத்திலேயே கோஷ்டிச் சண்டை. எதிர்க்கோஷ்டி இளைஞர்கள் ஆறு பேரை உள்ளேயே விடவில்லை. அவர்களில் சிலர் பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர்களாகவும் பதிப்பாசிரியர்களாகவும் ஆனது தனிக்கதை. ஆகவே உன் வட்டத்தில் இரண்டு அணி இருப்பதை நினைத்து ரொம்பக் கவலைப்படாதே. உலகப் போர்க் காலத்தில் நான்கு வருஷம் நின்றுபோனதைத் தவிர, இந்த மாநாடு ஊர் மாறி மாறி நடந்துகொண்டுதான் இருக்கிறது. எந்த ஊரில் நடத்துவது என்பதை உறுப்பினர்களே வாக்குப் போட்டு முடிவு செய்கிறார்கள். 1995, 2005 என்று இரண்டு முறை கிளாஸ்கோவுக்கு வந்திருந்தது. போன வருஷம் ஆகஸ்ட் 8 முதல் 12 வரை மூன்றாம் முறை.

கிளைட் ஆற்றங்கரையில் எஸ்இசி என்று பெரிய கண்காட்சி வளாகம் இருக்கிறது. அதை ஒட்டி ஆர்மடில்லோ என்ற அரங்கம், 3,000 பேர் உட்காரலாம். சிறந்த அறிவியல் புனைகதைகளுக்கான ஹ்யூகோ விருதைக் கொடுத்தது அங்கேதான். ஆனால் எனக்குப் பிடித்தது வளாகத்துக்குள் இருந்த சின்ன அறைகள். லோமண்ட், ஆல்ஷ், காரன் என்று ஸ்காட்லாந்து ஏரிகளின் பெயர் வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை அந்த அறைகளில் பேனல் பேனலாக, அதாவது நாலைந்து பேர் மேடையில் உட்கார்ந்து ஒரு தலைப்பைப் பற்றிப் பேசுவதாக, நடந்தபடி இருக்கும். ஒரு அறையில் செவ்வாய்க் கிரகத்தில் வீடு கட்டுவது எப்படி என்று விஞ்ஞானிகள், அடுத்த அறையில் வில்லன்களுக்கு ஏன் நல்ல உடை கிடைக்கிறது என்று நான்கு பேர். இரண்டுக்கும் ஒரே மரியாதை.

உனக்கு முதலில் சொல்ல வேண்டியது, அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது என்பது. தலைவரிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் வரை எல்லோரும் காசு கட்டி உறுப்பினர் ஆனவர்கள். மேடையில் பேசுகிறவரும் பெரும்பாலும் காசு கட்டித்தான் வருவார். பொன்னாடை இல்லை, நினைவுப் பரிசு இல்லை. சிறப்பு விருந்தினர்களாக நெடி ஒகோராஃபோர், கென் மக்லவுட் போன்ற எழுத்தாளர்கள் வந்திருந்தார்கள். அவர்களோடு சரிசமமாக ஒரு ரசிகத் தம்பதியும் சிறப்பு விருந்தினர்கள். பல காலம் ரசிகர் பத்திரிகை நடத்தி, மாநாடுகளுக்கு உழைத்ததற்காக அந்த மரியாதை. நம் ஊரில் நாற்காலி எடுத்துப் போட்டவரை மேடையில் உட்காரவைத்து நீ பார்த்திருக்கிறாயா?

எனக்குக் கொடுத்தது அறை உதவியாளர் வேலை. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். முந்தின பேனல்காரர்களை வாசலுக்கு நகர்த்த வேண்டும். அவர்கள் மேடையை விட்டு இறங்கி வந்து ரசிகர்களோடு பேச்சை ஆரம்பித்தால் முடிக்க மாட்டார்கள். பிறகு பெயர்ப் பலகைகளை மாற்றி வைத்து, தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு மைக்கையும் தட்டிப் பார்த்து, அறையில் எத்தனை தலை என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். நிறைந்துவிட்டால் கதவைச் சாத்திவிட வேண்டும். “ஓரமாக நின்று பார்க்கிறேனே” என்று யார் கெஞ்சினாலும் முடியாது. தீ விபத்து விதி. தரையில் நாடா ஒட்டிச் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டிருந்தால், அந்தச் சதுரத்துக்குள் யாரும் நாற்காலியை இழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் சீட்டு. பின்வரிசையில் உட்கார்ந்து, ‘10 நிமிடம்’, ‘5 நிமிடம்’, ‘முடிக்கவும்’ என்று அட்டையைத் தூக்கிக் காட்டுவது. கல்லூரிப் பட்டிமன்றத்தில் நீ மணியடித்தாயே, அதே வேலைதான். உன் மணியை யாரும் மதித்ததில்லை, இங்கே அட்டையை மதிக்கிறார்கள். அடுத்த பேனல்காரர்கள் ஏற்கனவே வாசலில் நிற்பார்கள், அதுதான் காரணம்.

மைக் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பேனலில் நரைத்த தாடிக்காரர் ஒருவர், “எனக்கு மைக் வேண்டாம், வகுப்பில் கத்திப் பழகிய குரல்” என்று பெருமையாகத் தள்ளி வைத்தார். பேச்சை நடத்திக்கொடுக்கும் மாடரேட்டர் ஓய்வுபெற்ற நூலகர், வேல்ஸ்காரி. மைக்கை எடுத்து அவர் கையில் திணித்து, “உங்களுக்கு வேண்டாம். மூன்றாவது வரிசையில் இருப்பவருக்கு வேண்டும்” என்றார். மூன்றாவது வரிசைப் பெண்மணி காதில் கருவி வைத்திருந்தார். அறையில் லூப் அமைப்பு இருந்தால் மைக்கில் பேசுவது மட்டும்தான் அந்தக் கருவிக்கு நேராகப் போகும், வெறும் சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போகாது. தாடிக்காரர் அதன்பிறகு மைக்கை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. உங்கள் வட்டத்தில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ‘எல்லாருக்கும் கேட்குதா?’ என்று கேட்டால் கேட்காதவர் கை தூக்கவா போகிறார்?

அந்த நூலகர் அம்மா நடத்திய பேனலைப் பின்னாலிருந்து பார்த்தபோதுதான் இந்த வித்தை எனக்குப் பிடிபட்டது. முடிந்ததும் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். மேடையில் அவர் செய்தது கொஞ்சம்தான். வேலையெல்லாம் பல வாரம் முன்பே மின்னஞ்சலில் முடிந்துவிட்டது. பேசப் போகிறவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு கேள்வி அனுப்புவாராம். இந்த விஷயத்தில் மற்ற மூன்று பேருக்குத் தெரியாத எது உங்களுக்குத் தெரியும்? எதைப் பற்றிப் பேசிப் பேசி உங்களுக்கு அலுத்துவிட்டது? இரண்டாவது கேள்விக்கு வந்த பதிலையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அந்தப் பக்கமே போகாமல் பார்த்துக்கொள்வார். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல யோசனை யாரும் சொன்னதில்லை.

மேடையில் அவர் கறார். தன்னறிமுகம் இரண்டு வாக்கியம். சிலர் தங்கள் புத்தகங்களை முன்னால் மதில்மாதிரி அடுக்கிக்கொண்டு அதன் பின்னால் உட்காருவார்கள். ஒன்று போதும், மற்றதைப் பைக்குள் வையுங்கள் என்பார். ‘யாராவது சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்கவே மாட்டார். பெயர் சொல்லித்தான் கேட்பார், அதுவும் அதிகம் பேசாதவரை முதலில். மாடரேட்டர் தானும் ஒரு பேச்சாளராக மாறிவிட்டால் பேனல் அவ்வளவுதான் என்றார். நம்மூரில் பட்டிமன்ற நடுவர் பேசுவதைக் கேட்கத்தானே பாதிக் கூட்டம் வரும்! பட்டிமன்றத்தில் தீர்ப்பு சொல்ல வேண்டும், இரண்டு அணியும் எதிரெதிரே நிற்க வேண்டும், அதற்கு நடுவரின் வாய் தேவை. பேனலில் யாரும் ஜெயிக்கப் போவதில்லை. ஆகையால் அந்த வாய் அங்கே இடைஞ்சல்.

பிறகு வட இங்கிலாந்தில் ஒரு சின்ன மாநாட்டில் என்னையே மாடரேட்டர் ஆக்கினார்கள். தலைப்பு, மாயாஜாலக் கதைகளில் வழிப்போக்கர்கள் என்ன சாப்பிடுகிறார்கள். சிரிக்காதே, அறை நிறைந்துவிட்டது. ஒரு நாவலாசிரியர், பேக்கரி நடத்துகிற ஒரு பெண், ராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர், இடைக்கால வரலாறு படிக்கும் ஒரு மாணவி. அந்தக் கதைகளில் எதிரி துரத்த துரத்த ஓடுகிறவர்கள் ராத்திரியானால் அடுப்பு மூட்டி இறைச்சிக் குழம்பு வைப்பார்கள். அது வேக எத்தனை மணி நேரம், அதுவரை எதிரி என்ன செய்வான் என்று ராணுவக்காரரைக் கேட்டேன். மனிதர் பொங்கிவிட்டார். விறகு, தண்ணீர், பாத்திரத்தின் எடை, குதிரைக்கு மட்டும் நாளைக்குப் பத்துக் கிலோ தீனி, அதை யார் சுமப்பது என்று கணக்குப் போட ஆரம்பித்தார். பேக்கரிப் பெண் குறுக்கே வந்து, வீட்டுக்கு வீடு ரொட்டி சுடும் காட்சியே தப்பு, அடுப்பைச் சூடேற்ற அவ்வளவு விறகு ஆகும், பல ஊர்களில் பொது அடுப்புதான் என்றார். மாணவி அதற்கு ஆதாரம் சொன்னாள். நாவலாசிரியர் பாவம், தன் கதாநாயகனுக்கு மூன்றாம் அத்தியாயத்தில் குழம்பு வைத்திருந்தாராம். கூட்டத்தில் ஒருவர் உங்கள் ஊரில் என்ன எடுத்துப் போவார்கள் என்று என்னைக் கேட்டார். புளியோதரை என்றேன், இரண்டு நாள் கெடாது என்றேன். பேனல் முடிந்த பிறகு என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டது இலக்கியச் சந்தேகம் இல்லை, செய்முறை.

கேள்வி நேரத்தில் எழுந்து, “இது கேள்வி இல்லை, ஒரு கருத்து…” என்று ஆரம்பிக்கிற மனிதர் அங்கேயும் உண்டு. அவருக்குப் பாஸ்போர்ட் தேவைப்படாது போலிருக்கிறது. அதற்கும் நூலகர் அம்மாவின் வழிதான். முதலிலேயே, கேள்வி ஒரே மூச்சில் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும், கருத்து இருந்தால் வராந்தாவில் எங்களோடு பேசலாம் என்று சொல்லிவிட வேண்டும். கூட்டம் சிரித்துவிடும். அதன்பிறகு ஆரம்பிக்கிறவருக்கு வெட்கமாகிவிடும்.

இன்னொன்று, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. இந்த வருஷம் சியாட்டிலில் நடந்த வேர்ல்ட்கானில் பேச 1,300 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அத்தனை பேரையும் விசாரிப்பது பெரிய வேலைதான். ஏற்பாட்டாளர்கள் பெயர்களைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, யார்மேலாவது புகார் கிடக்கிறதா என்று தேடச் சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் கடைசியில் விஷயம் வெளியே வந்ததும் ரகளை. அனுமதி கேட்காமல் தங்கள் புத்தகங்களைத் தின்று வளர்ந்த இயந்திரம் என்று கோபத்தில் இருக்கும் எழுத்தாளர்களையே, அந்த இயந்திரத்தை விட்டு விசாரித்தால் எப்படி இருக்கும்? தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஹ்யூகோ விருதைக் கவனித்த பிரிவில் மூன்று பேர் பதவி விலகினார்கள். அந்த விசாரணையை மறுபடி ஆட்களை வைத்துச் செய்தார்கள். நேரத்தை மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு, ராத்திரி உட்கார்ந்து பட்டியல் சரிபார்க்கும் கஷ்டம் தெரியும். ஆனாலும் யாரை மேடையேற்றுவது என்பதை மனிதர்தான் படித்து, விசாரித்து, முடிவு செய்ய வேண்டும். உனக்கு 1,300 பேர் இல்லை, ஒன்பது பேர்தான். அவர்கள் எழுதியதை நீ உட்கார்ந்து படித்துவிடலாம்.

ஆகவே மங்கை, அந்த ஒன்பதை இரண்டு அமர்வாகப் பிரி. நான்கு நான்கு பேர், ஒருவரை மாடரேட்டராக்கு. தலைமையாசிரியரை மட்டும் மாடரேட்டராகப் போடாதே, நல்ல மனிதர்தான், மைக்கைக் கொடுத்தால் திரும்பி வராது. அவருக்கு வாழ்த்துரை கொடுத்து முதல் நாள் காலையிலேயே முடித்துவிடு. உன் பட்டியலில் கடைசியில் இருக்கிற நூலகப் பெண், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள் என்று எழுதியிருந்தாயே, அவளைக் கேட்டுப் பார். பிள்ளைகளை அடக்கத் தெரிந்தவளுக்குக் கவிஞர்கள் எம்மாத்திரம். தலைப்பையும் மாற்று. ‘தமிழ் நாவலின் போக்குகள்’ என்றால் எவரும் எதையும் பேசிவிட்டுப் போகலாம். ராணுவக்காரரைக் கொதிக்கவைத்த மாதிரி கையில் பிடிக்கிற கேள்வியாக ஒன்று வை.

நாங்கள் டிசம்பர் கடைசியில் வருகிறோம், பொங்கல் முடிந்துதான் திரும்புவோம். விழா தை பிறப்பதற்கு முன்னால் என்றால் அட்டையும் மார்க்கரும் நானே கொண்டுவந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை, தேதி முடிவானதும் உடனே சொல். அந்த மண்டபத்தில் எத்தனை மைக் இருக்கிறது என்பதையும் கேட்டு எழுது.

அன்புடன்,
வசந்தா