எண்ணெய் விலை ஏறினால் நமக்கு லாபமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மத்தியக் கிழக்கில் சண்டை என்று செய்தி வந்தால் போதும், எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் பேச்சு தொடங்கிவிடும்: "எண்ணெய் விலை ஏறட்டுமே, பெட்ரோனாஸுக்கு நல்ல வருமானம், நாட்டுக்கும் நல்லதுதானே?" பெட்ரோனாஸ் நம் மலேசிய அரசின் எண்ணெய் நிறுவனம் என்பதால் வரும் இந்த நினைப்பு எனக்குக் கவலை தருகிறது.

பால்மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு இந்தக் கதை தெரியும். என் அம்மா விடியுமுன் கத்தியும் வாளியுமாக நிரைக்குப் போவார். ரப்பர் விலை லண்டனிலும் சிங்கப்பூரிலும் முடிவாகும். அங்கே விலை விழுந்தால் இங்கே சம்பளம் குறையும், மளிகைக்கடைப் புத்தகத்தில் கடன் ஏறும். அம்மா பால் வெட்டிய மரங்களின் எண்ணிக்கை மட்டும் குறையாது.

எண்ணெயை நம்பும் நாடுகளின் நிலையும் இதுதான். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. ரிங்கிட்டும் சரிந்தது. 2015 ஏப்ரலில் வந்த 6 விழுக்காடு ஜிஎஸ்டி முன்பே அறிவிக்கப்பட்டதுதான். ஆனாலும் எண்ணெய்ப் பணம் குறைந்த பள்ளத்தை நிரப்பியது அந்த வரிதான், அதாவது நம் மளிகை ரசீதுகள். 2018இல் அந்த வரி போனது. சரி, அப்புறம் என்ன நடந்தது? 2019இல் அரசு பெட்ரோனாஸிடம் 5,400 கோடி ரிங்கிட் ஈவுத்தொகை, அதாவது லாபப் பங்கு, வாங்கியது. அதில் 3,000 கோடி சிறப்பு ஈவு. விலை ஏறும்போது பெட்ரோல் மானியச் செலவும் கூடவே ஏறுகிறது என்பதைச் சாப்பாட்டுக் கடையில் யாரும் பேசுவதில்லை.

இந்தப் பணம் உறவுகளையும் கெடுக்கும். குவைத் அளவுக்கு மீறி எண்ணெய் எடுத்து விலையைக் கெடுக்கிறது என்று குற்றம் சாட்டிய ஈராக், 1990 ஆகஸ்டில் அதன் மீது படையெடுத்தது. நம் நாட்டிலேயே, 1999 தேர்தலில் எண்ணெய் கிடைக்கும் திரங்கானுவில் ஆட்சி எதிர்க்கட்சிக்கு மாறியதும், மறு ஆண்டே அம்மாநிலத்தின் 5 விழுக்காடு எண்ணெய் உரிமத்தொகையை மத்திய அரசு நிறுத்தியது. வெனிசுவேலாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏற்றுமதி வருமானம் ஏறக்குறைய முழுவதும் எண்ணெய் என்றிருந்த நாட்டிலிருந்து 70 லட்சம் பேருக்கு மேல் வெளியேறிவிட்டார்கள்.

நார்வேயும் எண்ணெய் விற்கும் நாடுதான். ஆனால் 1990இல் சட்டம் போட்டு, எண்ணெய்ப் பணத்தைத் தனி நிதியில் சேர்த்து வெளிநாடுகளில் முதலீடு செய்கிறது. அந்த நிதியிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3 விழுக்காடுதான் செலவுக்கு எடுக்கலாம் என்பது அவர்கள் வைத்திருக்கும் வரம்பு. நமக்கும் எண்ணெய்ப் பணத்தைச் சேமிக்க 1988 முதல் குவான் என்ற தேசிய அறக்கட்டளை நிதி இருக்கிறது. கொவிட் தடுப்பூசி வாங்க 2021இல் அதைத் திறந்தபோதுதான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. அதில் சேர்ந்திருப்பது நார்வே நிதியின் பக்கத்தில்கூட வராது.

நாடாளுமன்றத்தில் பட்ஜெட் விவாதம் வரும்போது நம் பிரதிநிதிகள் இதைக் கேட்க வேண்டும்: இந்த ஆண்டு பெட்ரோனாஸ் கொடுத்தது எவ்வளவு, அதில் குவானுக்குப் போனது எவ்வளவு? அந்த இரண்டு எண்களையும் உங்கள் பத்திரிகை ஆண்டுதோறும் முதல் பக்கத்தில் போட்டால் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்