கயலுக்கு, முருகேஷ்பாளையத்திலிருந்து

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டு விட்டு வருகிறது, ஆனாலும் வெள்ளிக்கிழமை அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. அங்கே நார்வேயில், பெர்கனில் மழை விட்டதா?

போன வாரம் நீங்கள் மின்படகுக்காக, நேர் பிளேடுக்குப் பதில் வளையம் வைத்துச் செய்த புரொப்பெல்லரின் படத்தை அனுப்பி, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாய். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பத்தொரு வருஷம் விமான புரொப்பெல்லரைத் துடைத்து, ராவி, எடை பார்த்துச் சாப்பிட்டவன் நான். பெற்ற பெண் புதிதாக ஒன்று செய்து காட்டும்போது அவளுக்குச் சொல்ல என்னிடம் அவ்வளவுதானா என்று இருந்தது. போனில் எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த வடிவத்தைக் கையால் புரிந்துகொள்ளப் பார்த்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை நீளநீளமாக வெட்டி, ஒவ்வொன்றையும் வளைத்து, இரண்டு முனையையும் பேனா மூடியில் முன்னும் பின்னுமாக ஒட்டினேன். மூன்று வளையம். முதல் தடவை கோணம் தப்பிவிட்டது. இரண்டாம் தடவை டேபிள் ஃபேனுக்கு முன்னால் பிடித்தேன், சுற்றியது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். "இதில் நுனியே இல்லையே" என்றாள். அவள் சொன்னதுதான் விஷயமே.

உனக்கு ஆறு வயசிருக்கும்போது அல்சூர் ஏரியில் படகில் போனோம், ஞாபகம் இருக்கிறதா? நான் துடுப்பை வலித்து வெளியே எடுக்கும்போதெல்லாம் தண்ணீரில் இரண்டு சின்னச் சுழி எழுந்து பின்னால் போகும். நீ விளிம்பில் கவிழ்ந்துகொண்டு, "அப்பா, அது எங்கே போகுது?" என்று கேட்டாய். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சரியான பதில் இதுதான்: நான் கையால் போட்ட பலத்தில் ஒரு பங்கு அந்தச் சுழியில் ஏறிப் போய்விடுகிறது. துடுப்பின் முன்பக்கம் அழுத்தம் அதிகம், பின்பக்கம் குறைவு. விளிம்பு வந்ததும் தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. புரொப்பெல்லர் பிளேடின் நுனியிலும் இதே கதைதான். உழைப்பில் கொஞ்சத்தை அந்தச் சுழி தின்கிறது, காதைக் குடையும் இரைச்சலிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. நுனியை வளைத்துத் திரும்ப நடுவிலுள்ள குமிழான ஹப்பிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால், ஒரே இடத்தில் குவிகிற சுழி வளையம் நெடுகப் பரவி வலு இழந்துபோகும். நீ சொன்னதில் நான் புரிந்துகொண்டது இது. தப்பென்றால் திருத்து.

அமெரிக்காவில் கிரெகரி ஷாரோ என்பவர் இதை ஆரம்பித்த கதையைப் படித்தேன். இசை நிகழ்ச்சியை டிரோன் வைத்துப் படம் பிடிக்கும்போது அதன் இரைச்சல் பாட்டைக் கெடுக்கிறது என்று 2012 வாக்கில் யோசிக்கத் தொடங்கியவர், கடைசியில் படகுக்கான வளைய புரொப்பெல்லரில் வந்து நின்றார். அங்கேயே எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் லிங்கன் ஆய்வகம் டிரோனுக்கென்று தனியாக ஒன்றைச் செய்து காப்புரிமை வாங்கியிருக்கிறது. சத்தத்தைக் குறைக்கத் தேடப்போனவர்களுக்கு இப்படி ஒரு வடிவம் கிடைத்திருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் காது போனவர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும். 2 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு 2700 சுற்று சுற்றினால் நுனி விநாடிக்கு 280 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஒலியின் வேகமே 340தான். அதை நெருங்க நெருங்க இரைச்சலும் ஏறும். பழைய ஏர்போர்ட் ரோட்டில் 2008 வரைக்கும் பயணிகள் விமானம் தலைக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த வீட்டில் வளர்ந்தவள் நீ. உனக்கு இதை விளக்க வேண்டாம்.

இனி, போனில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உங்கள் புரொப்பெல்லர் பழையதைவிட இவ்வளவு சதவீதம் மேல் என்று நீ ஒரு கணக்குச் சொன்னாய். அந்தப் பழையது எது, கயல்? ரைட் சகோதரர்கள் 1903இல் கையால் செதுக்கிய மர புரொப்பெல்லரே வாங்கிய சக்தியில் நூற்றுக்கு 75 பங்கைத் தள்ளுவிசையாக மாற்றியது. இன்றைக்கு நல்ல விமான புரொப்பெல்லர் 85ஐ ஒட்டி நிற்கிறது. இத்தனை காலத்தில் இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டு சேர்த்தது அந்தப் பத்துதான். அதனால் யாராவது ஒரே தாவில் முப்பது நாற்பது என்று சொன்னால், எதிரே வைத்து ஒப்பிட்டது சோப்ளாங்கியான ஒன்றாக இருக்குமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். படகுகளில் பலவற்றுக்கு என்ஜினுக்கும் புரொப்பெல்லருக்கும் பொருத்தமே இருக்காது. அப்படி ஒன்றை எடுத்துவிட்டு ஒழுங்காகப் பொருந்துகிற சாதாரண மூன்று பிளேடைப் போட்டாலே நிறைய மிச்சமாகும். அந்த மிச்சத்தை வளையத்தின் கணக்கில் எழுதக் கூடாது. அதே விட்டம், அதே சுற்று, அதே படகு, அதே எடை. எதிரே வைப்பது இருப்பதிலேயே சிறந்த பழையது. அப்படி வைத்து மூன்று சதவீதம் ஜெயித்தால்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல். நானும் இங்கே பத்துப் பேரிடம் சொல்வேன்.

இன்னொன்று. உங்களுடையது மின்படகு. மோட்டாருக்கு மெதுவாகச் சுற்றியே முழு பலம் தர முடியும், டீசல் மாதிரி விரட்ட வேண்டியதில்லை. அப்படியிருக்க விட்டத்தைப் பெரிதாக்கிச் சுற்றைக் குறைத்துப் பார்த்தீர்களா? இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துப் பாதி வேகத்தில் பின்னால் தள்ளினால் தள்ளுவிசை அதேதான், தண்ணீரில் வீணாக விட்டுவருகிற சக்தி மட்டும் பாதியாகிவிடும். நம் வீட்டுச் சீலிங் ஃபேன் மெதுவாகத்தான் சுற்றுகிறது, கூடம் முழுக்கக் காற்று வருகிறது. படகின் அடியில் இடம் இல்லை, ஆழம் இல்லை என்றால் சரி, அப்புறம் வளையத்துக்குப் போகலாம். ஆனால் முதலில் விட்டம்.

இதை நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். எதிர்த்து எழுது. அந்த ரைட் சகோதரர்கள் புரொப்பெல்லர் விஷயத்தில் மணிக்கணக்காக வாதாடுவார்களாம். கடைசியில் பார்த்தால் இவர் சொன்னதை அவரும் அவர் சொன்னதை இவரும் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். நமக்கும் அப்படி ஆனால் எனக்குச் சம்மதம்.

சரி, என் தூக்கத்தைக் கெடுத்தது இது எதுவும் இல்லை.

நான் வேலையில் சேர்ந்து இரண்டாம் வருஷம். ஒரு பிளேடைப் பார்த்து முடித்து "ஓகே" என்று வைத்துவிட்டேன். எங்கள் மேஸ்திரி கன்னடக்காரர், அதிகம் பேச மாட்டார். சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்தார். பிளேடின் முன்விளிம்பில் வைத்து அடியிலிருந்து நுனி வரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். பாதிக்கு மேலே ஓரிடத்தில் நாலைந்து இழை மாட்டி நின்றது. "நோடப்பா, ஹத்தி ஹேளுத்தே" என்றார். பாரப்பா, பஞ்சு சொல்கிறது என்று அர்த்தம். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. நகத்தை வைத்துப் பார்த்தால் மயிரளவு ஒரு வெட்டு, ஓடுதளத்துக் கல் பட்டது. அதிலிருந்துதான் விரிசல் கிளம்பும், பறக்கும்போது பிளேடே பிய்த்துக்கொண்டு போகும். அந்த வெட்டை உருண்டை அரத்தால் சுற்றிலும் சரிவாக ராவி, எமரித் தாள் போட்டு, பளபளவென்று தேய்த்து, சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவி, அடியில் விரிசல் ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அவர் என்னைச் சாப்பிட விட்டார். அன்றையிலிருந்து நான் ஓய்வு பெறும் வரை என் பையில் பஞ்சு இருந்தது. நீ சின்ன வயசில் அதை எடுத்துப் பொம்மைக்கு மெத்தை போடுவாய்.

உன் படத்தில் அந்த வளையத்தைப் பார்த்ததும் என் கை தானாகப் பஞ்சைத் தேடியது. வெளிப்பக்கம் இழுத்துவிடலாம். உள்பக்கம்? வளையத்தின் இரண்டு முனையும் ஹப்பில் சேருகிற அந்த இடுக்கில்? அங்கே அரம் எப்படிப் போகும்?

அக்கரைப்பேட்டை மாமாவின் விசைப்படகில் ஒரு தடவை கயிறு சுற்றிக்கொண்டது உனக்குத் தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. நடுக்கடலில் என்ஜின் திணறி நின்றுவிட்டது. மாமா கத்தியோடு குதித்து, மூச்சடக்கி மூச்சடக்கி அறுத்து எடுத்திருக்கிறார். அவர் உள்ளங்கையில் இருக்கும் தழும்பு அதுதான். கரைக்கு வந்து பார்த்தால் ஒரு பிளேடு மடங்கிக் கிடந்தது. நான் அன்றைக்கு ஊரில் இருந்ததால் கூடப் போனேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. கேஸ் அடித்துச் சூடாக்கினார்கள். கட்டையில் வைத்து மரச்சுத்தியால் தட்டினார்கள். தட்டுகிறவர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை மற்ற இரண்டு பிளேடையும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டார். கருவி ஒன்றும் கிடையாது. விமானத்தில் பிளேடின் கோணம் ஒரு துளி மாறினாலும் திருப்பி அனுப்புகிற எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுநாள் விடியற்காலை படகு கடலுக்குப் போய்விட்டது. அன்றைக்குப் போகாவிட்டால் ஆறு குடும்பத்துக்கு வருமானம் இல்லை.

அந்த பிளேடை நான் தடவிப் பார்த்தேன். முதுகெல்லாம் புழு அரித்த கத்தரிக்காய் மாதிரி பொக்கு பொக்காக இருந்தது. கல் பட்டதல்ல, தண்ணீரே அரித்தது. அழுத்தம் மிகவும் குறைகிற இடத்தில் தண்ணீர் சூடே இல்லாமல் கொதித்துக் குமிழியாகும், அந்தக் குமிழி உடையும்போது உலோகத்தைக் கொத்தி எடுக்கும். நீராவி டர்பைனைக் கொண்டுவந்த பார்சன்ஸ் தன் டர்பினியா படகை 1894இல் இறக்கியபோது அவரைப் படுத்தியதும் இந்தக் குமிழிதான். ஒரே புரொப்பெல்லரை எடுத்துவிட்டு மூன்று தண்டில் ஒன்பது மாட்டிய பிறகு 34 நாட் (மணிக்கு சுமார் 63 கிலோமீட்டர்) வேகத்தைத் தொட்டார். வளையத்தில் இந்தக் குமிழி குறையும் என்று சொன்னாய். நிஜமாகவே குறைந்தால் மாமா மாதிரி ஆட்களுக்கு அது பெரிய உபகாரம்.

ஆனால் வளையம் கல்லில் மோதினால் என்ன செய்வது? ஒரு பிளேடு மடங்கினால் ஒரு பிளேடைத் தட்டலாம். வளையத்தில் ஓரிடம் நசுங்கினால் முழு வளையமும் முறுக்கிக்கொள்ளும். சுத்தி உள்ளே போகாது. முழு உலோகக் கட்டியிலிருந்து மெஷினில் குடைந்து எடுப்பதால் விலையும் பல மடங்கு என்கிறாய். கயிறு சுற்றினால் வளையத்துக்குள்ளேயும் நுழையுமே, கத்தி எந்தப் பக்கம் போகும்? நார்வேயில் போன் போட்டால் ஆள் வருவான். கொச்சியில் 2023இலிருந்து வாட்டர் மெட்ரோ என்ற மின்படகுச் சேவை ஓடுகிறது, வைக்கத்தில் 2017இலிருந்து ஆதித்யா என்ற சூரிய சக்திப் படகு ஜனங்களை ஏற்றிப் போகிறது. உன் வேலை ஒருநாள் அந்தத் தண்ணீருக்கும் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அங்கே ஆகாயத்தாமரையும் அறுந்த வலையும் தேங்காய் மட்டையும் மிதக்கும். ஆகவே வரையும்போதே ஹப்பையும் வளையத்தையும் தனித்தனியாகக் கழற்றுகிற மாதிரி செய்ய முடியுமா, ஒரு வளையத்தை மட்டும் மாற்ற வழி உண்டா, அரம் நுழைய இரண்டு விரல் இடம் விட முடியுமா என்று உன் குழுவில் கேள். அதனால் அரை சதவீதம் போனால் போகட்டும் என்றே நான் சொல்வேன்.

இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்று ஒருவர் கப்பலுக்கு மரத்தில் நீளமான திருகு செய்தார். 1837இல் அதை வாய்க்காலில் ஓட்டிக்கொண்டிருந்தபோது எதிலோ மோதிப் பாதித் திருகு உடைந்து விழுந்துவிட்டது. படகு முன்னைவிட வேகமாகப் போனது. மனுஷர் உடைந்த மிச்சத்தைப் பார்த்துத்தான் அடுத்ததைச் செய்தார்.

நாளைக்கு பார்சல் போடுகிறேன். பருப்புப் பொடி, நாரத்தங்காய், அம்மா பின்னிய கம்பளிக் காலுறை இருக்கும். அடியில் ஒரு சின்ன டப்பாவில் என் உருண்டை அரம் இருக்கிறது, எண்ணெய்த் துணியில் சுற்றியிருக்கிறேன். கூடவே கொஞ்சம் பஞ்சு. கஸ்டம்ஸில் கேட்டால் அப்பாவுடையது என்று சொல்.

பொங்கலுக்கு வரும்போது உங்கள் புரொப்பெல்லர் ஒன்றை எனக்குக் கொண்டு வருவதாகச் சொன்னாய். புதுசு வேண்டாம். சோதனையில் உடைந்தது ஏதாவது இருக்கும், அதைக் கொண்டு வா. எங்கிருந்து உடைய ஆரம்பித்தது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா