உன் வீட்டுத் திண்ணையிலிருந்து

கோபி,
ஆடி கடைசி வெள்ளி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இதை உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்து பத்து நாளாகிறது. சாவியைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் வாங்கி உள்ளே போய்ப் பார்த்தேன். ஆசாரத்தில் பல்லி எச்சம், சுவரில் சித்திரை மாதத்தோடு நின்றுபோன தினசரி காலண்டர். மற்றபடி எல்லாம் நீ வைத்த இடத்தில் இருக்கின்றன. மூன்றரை மாதத் தாளையும் கிழித்துவிடலாம் என்று கை போனது. உன் வேலையை நான் ஏன் செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டேன். கட்டுத்தரை காலியாகக் கிடக்கிறது. மாடுகளைப் புளியம்பட்டிச் சந்தையில் விற்றுவிட்டுத்தான் கிளம்பினாய் என்று தெரியும். இருந்தும், சாணி வாசனை இல்லாமல் உன் வாசலில் உட்காருவது எனக்குப் பழகவில்லை.

மெல்போர்னிலிருந்து நீ எழுதிய கடிதத்தை எத்தியோப்பியாவில், அடிஸ் அபாபாவில் ஒரு முறை, இங்கே வந்து ஒரு முறை படித்தேன். "பேரன் முகத்தைப் பார்த்தால் போதும் என்று வந்தேன். அவன் காலையில் போனால் சாயங்காலம்தான் வருகிறான். நீ எப்படியடா பத்து வருஷமாக வெளிநாட்டில் காலம் தள்ளுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். கேட்ட நேரம் சரியில்லை மாப்பிள்ளை. எனக்கே இது புது ஊர் வருஷம்.

அர்பா மிஞ்ச்சில் ஒன்பது வருஷம் பாசனப் பொறியியல் நடத்திவிட்டு, போன ஐப்பசியில் அடிஸ் அபாபாவுக்கு மாறினேன். ஒப்பந்தம் முடிந்தது. தலைநகரில் ஒரு கல்லூரி கூப்பிட்டது. உன் தங்கச்சியின் முட்டிவலிக்கும் நல்ல மருத்துவர் பக்கத்தில் இருந்தால் தேவலை என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போகிற தூரம். கோவையில் விமானம் ஏறியபோது அழாதவள், அந்தப் பஸ்ஸில் அழுதாள்.

அர்பா மிஞ்ச் என்றால் அம்ஹாரிக் மொழியில் 'நாற்பது ஊற்று'. கீழே இரண்டு ஏரிகள்; ஒன்று செம்மண் கரைத்த நிறம், மற்றதில் முதலை. சுற்றிலும் வாழைத் தோட்டம். நம் ஊர்க்காரரைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டால், சத்தியமங்கலம் பக்கம் எங்கேயோ இறக்கிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். வகுப்பில் வருஷா வருஷம் காலிங்கராயன் வாய்க்காலைக் கரும்பலகையில் வரைவேன். 1283-ல் வெட்டி முடித்த வாய்க்கால், 56 மைல் நீளம், பாம்பு போன தடத்திலேயே வெட்டினார்கள் என்பது கதை என்று சொல்லி, "நிலத்தில் ஒரே உயரமுள்ள இடங்களைச் சேர்க்கும் சமமட்டக் கோடுதான் அந்தப் பாம்பு" என்று முடிப்பேன். ஒரு வருஷம் கொன்சோ மலையிலிருந்து வந்த பையன் எழுந்து, "எங்கள் பாட்டன்மார் மலை முழுக்கக் கல்லடுக்கி வயல் கட்டினார்கள். பாம்பு எதுவும் வந்து காட்டவில்லை" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னது மெய்தான். அந்த அடுக்கு வயல்களை 2011-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. போய்ப் பார்த்தேன். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் காரை இல்லை.

அந்த ஊரில் முதல் வருஷம் நான் பட்ட அவமானத்தை உனக்குச் சொன்னேனா என்று நினைவில்லை. வகுப்பு இரண்டு மணிக்கு என்றார்கள். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போனால் அறையில் ஈ காக்கை இல்லை. அங்கே மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நமது எட்டு மணிதான் அவர்களுக்கு இரண்டு மணி. அம்மாவைப் பெற்ற என் அம்மிச்சி கேட்டிருந்தால் உடனே புரிந்துகொண்டிருக்கும். "பொழுது கிளம்பி அஞ்சு நாழிகை" என்று அது சொல்வதும் அதே இரண்டு மணிதானே. படித்தவன் எனக்குத்தான் புரியவில்லை. வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம் வேறு. ஆண்டுக் கணக்கிலும் நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால் இருக்கிறார்கள். ஆகவே அங்கே எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை.

உன்னை மருத்துவமனையில் உன் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், நீ திரும்பிப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து இருவரும் சிரித்தோம். எனக்கு அந்தத் தொல்லை வந்ததில்லை. எத்தியோப்பியர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், பின்னால் அப்பா பெயர். கூப்பிடுவது தன் பெயரைச் சொல்லித்தான். படிவத்தில் அப்பா பெயர் எங்கே, நம் பெயர் எங்கே என்று விளக்கம் சொல்லத் தேவையில்லாத நாடு வேறு எத்தனை இருக்கும்!

அடிஸ் அபாபா வேறு மாதிரி ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,350 மீட்டர். ஊட்டியைவிட நூறு மீட்டர் உயரம். முதல் வாரம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வீட்டுத் தரகர் முதல் இரண்டு நாள் வேண்டுமென்றே ஓட்டை வீடுகளாகக் காட்டி, மூன்றாவது நாள் சுமாரான வீட்டை அரண்மனை மாதிரி காட்டினார். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசும் நம் மாட்டுத் தரகர்களிடம் பாடம் படித்தவன் நான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தும் ஏமாந்தேன் என்பது வேறு விஷயம்.

தண்ணீர் அங்கே 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிக்கும்; பருப்புதான் வேகாது. குக்கர் இல்லாவிட்டால் அரிசிம்பருப்பு சாதத்தை மறந்துவிட வேண்டியதுதான். தோசை மாவு அதைவிட மோசம். ஆட்டி வைத்த மாவு இரண்டு நாள், மூன்று நாள் என்று அப்படியே சாந்து மாதிரி கிடந்தது. உன் தங்கச்சி அதற்குப் போர்வை சுற்றினாள், அடுப்புப் பக்கம் வைத்தாள், கடைசியில் அதன் எதிரிலேயே உட்கார்ந்து திட்டினாள். வீட்டுக்காரப் பெண்மணி எட்டிப் பார்த்தார். எத்தியே என்று கூப்பிடுகிறோம். மூத்த பெண்களுக்கு அங்கே மரியாதைச் சொல் அது. மாவில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ஒரு குவளையில் மஞ்சளாக ஏதோ கொண்டுவந்தார். எர்ஷோ. இஞ்செரா என்றால் அவர்கள் ஊர்த் தோசை; அதன் மாவு புளித்ததும் மேலே தேங்கி நிற்கும் நீர். நமக்கு உறைமோர் மாதிரி, அவர்களுக்கு அதுதான் அடுத்த மாவுக்கு உறை. இரண்டு கரண்டி ஊற்றிக் கையால் கலக்கிவிட்டுப் போனார். மறுநாள் காலை மாவு பாத்திரத்தைத் தாண்டி மேஜையில் வழிந்திருந்தது. அந்தத் தோசையில் நம் வீட்டு வாசனையும் இல்லை, இஞ்செரா வாசனையும் இல்லை, நன்றாகவே இருந்தது. முதல் தோசையை எத்தியேவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதில் 'கண்' போதவில்லை என்றார். இஞ்செராவில் விழும் ஓட்டைகளை அங்கே கண் என்பார்கள்.

அங்கே ஊர் முழுக்கத் தைல மரம். மெனெலிக் மன்னர் காலத்தில் விறகுக்காக நட்டது. 'கடல் மரம்' என்று பெயர். கடலுக்கு அப்பாலிருந்து வந்ததால். மழை பெய்து ஓய்ந்ததும் சன்னலைத் திறந்தால், கல்லூரிச் சுற்றுலாவில் நீ பஸ்ஸில் வாந்தி எடுத்த அந்த ஊட்டி வளைவு வாசனை வரும். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், அது உன் ஊர் மரம் மாப்பிள்ளை. ஊட்டிக்கும் எனக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்துதான் வந்தது. சன்னலோரம் உட்கார்ந்து டிராம் எண்ணுவதை விட்டுவிட்டு வெளியே போய் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்.

புது ஊருக்கு என்னிடம் ஒரே ஒரு உபாயம்தான் உண்டு. எதையும் மொத்தமாக வாங்குவதில்லை. கிலோவாக வாங்க வேண்டியதைக் கால் கிலோவாக நான்கு நாள் வாங்குவேன், ஒரே கடையில், ஒரே நேரத்தில். உன் தங்கச்சி இதைக் கஞ்சத்தனம் என்கிறாள். ஐந்தாவது நாள் போகாவிட்டால் கடைக்காரர் மறுநாள் ஏன் வரவில்லை என்று கேட்பார். எனக்கு அது போதும். உங்கள் கடைகளில் கல்லாவில் ஆளே இல்லை, இயந்திரம்தான் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் முடிவெட்டும் கடையில் தொடங்கு. அதற்கு இன்னும் இயந்திரம் வந்திருக்காது.

அடிஸில் அந்தப் பழக்கடையில்தான் ஒரு நாள் வாழைப்பழம் எந்த ஊர் என்று கேட்டேன். அர்பா மிஞ்ச் என்றார். தேவைக்கு மேல் இரண்டு சீப்பு வாங்கிவிட்டேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினேன். நீலமும் வெள்ளையும் அடித்த வேன்கள். கதவில் தொங்கும் பையன் காந்திபுரத்தில் கூவுவது போலவே ஊர் பெயரைக் கூவுவான். "மெக்சிகோ, மெக்சிகோ!" பயந்துவிடாதே, அது ஒரு சதுக்கத்தின் பெயர். சில்லறை வாங்கிய பையன் எனக்கு எந்த ஊர் என்று கேட்டான். யோசிக்காமல் "அர்பா மிஞ்ச்" என்றேன். வேன் முழுக்கச் சிரிப்பு. என் நிறத்தையும் மீசையையும் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தார்கள். பின் வரிசையில் வெள்ளை முக்காடு போட்ட ஒரு கிழவி மட்டும் சிரிக்காமல் முன்னால் குனிந்து, "அங்கே மழை உண்டா?" என்று கேட்டார்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எத்தனை முறை நம் ஊர்த் திண்ணைகளில் கேட்டிருப்போம், வந்தவரை உட்காரக்கூடச் சொல்லாமல்! மூன்று மாதமாக நான் அங்கே இல்லை, தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. நல்ல மழை என்று சொல்லிவிட்டேன். இறங்கும்போது ஒரு சீப்பைக் கொடுத்தேன். பொய் சொன்னதற்கு அபராதம் என்று வைத்துக்கொள்.

ஊர்ச் செய்தி அதிகம் இல்லை. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. உன் தென்னைகளில் வெள்ளை ஈ விழுந்து ஓலை கறுத்திருக்கிறது. குத்தகைக்காரரிடம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை பேசும்போது நீயும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. என் பேச்சுக்கு அவர் தலையாட்டியதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. செப்டம்பர் 11 எத்தியோப்பியப் புத்தாண்டு. அதற்குள் நான் திரும்ப வேண்டும். எத்தியேவுக்கு ஊத்துக்குளி வெண்ணெய் காய்ச்சி நெய்யாக எடுத்துவருவதாக உன் தங்கச்சி வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

பெரியம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். உனக்கு என்றேன். அங்கே மழை உண்டா என்று கேட்டு எழுதச் சொல்கிறார். பதிலில் முதல் வரியாக அதை எழுதிவிடு. நான் கிளம்புவதற்குள் வந்தால் படித்துக் காட்டிவிட்டுப் போகிறேன்.

உன்,
மச்சான்